பாலித் தீவில் காவலர் லஞ்சம் கேட்டால்: வாடகை ஸ்கூட்டரில் சுற்றும் பயணிகளுக்கான கேள்வி பதில்கள்

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குச் செல்லும் பயணிகளில் பலர் கூட்டா, செமின்யாக், சாங்கு, உபுட் போன்ற இடங்களில் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். சாலையோரத்தில் நிறுத்தப்பட்டு, பணம் கேட்கப்பட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தவர்கள் அவர்களில் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

பாலியில் காவலர்கள் லஞ்சம் கேட்பது உண்மையா, மிகைப்படுத்தலா?

உண்மைதான். 2013-ஆம் ஆண்டில் நெதர்லாந்துத் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் ஹெல்மெட் அணியாமல் ஓட்டிச் சென்று பிடிபட்டு, 2 லட்சம் ரூபியா (இந்தோனேசிய நாணயம்) கொடுத்ததை மறைகேமராவில் பதிவு செய்தார். அந்தப் பணத்திலேயே பீர் வாங்கி வந்து அவருடன் அமர்ந்து குடித்த காவலரின் காட்சி உலகம் முழுவதும் பரவியது. 2020-இல் வெளிவந்த இன்னொரு காணொளியில், ஆவணங்களையெல்லாம் சரியாக வைத்திருந்த ஜப்பானியப் பயணி ஒருவரிடம், முன்விளக்கு எரியவில்லை என்ற காரணத்துக்காக ஜெம்பிரானா மாவட்டக் காவலர்கள் 10 லட்சம் ரூபியா கேட்டார்கள். சட்டப்படி அந்தக் குற்றத்துக்கு உச்சமாக விதிக்கக்கூடிய அபராதமே 1 லட்சம் ரூபியாதான். கேட்ட தொகை அதைப் போல் பத்து மடங்கு. இரண்டு நிகழ்வுகளிலும் சம்பந்தப்பட்டவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.

ஆனால் பாலிக்குப் போகும் எல்லோருக்கும் இது நேர்வதில்லை. ஓட்டுநருடன் காரை அமர்த்திக்கொள்பவர்களுக்குச் சாலையில் காவலருடன் பேசும் அவசியமே பெரும்பாலும் வராது. சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள்தான். அவர்களிலும் உரிமம் இல்லாமலோ ஹெல்மெட் இல்லாமலோ ஓட்டுபவர்கள்தான் எளிதில் அகப்படுகிறார்கள்.

பேச்சு எப்படித் தொடங்கும்?

சந்திப்பில் நிற்கும் காவலர் கை காட்டி ஓரம் கட்டச் சொல்வார். சிரித்த முகத்துடன், எந்த நாடு என்று விசாரித்துக்கொண்டே உரிமத்தையும் வண்டியின் பதிவுச் சான்றையும் கேட்பார். ஒன்று குறைந்தால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள சிறு காவல் சாவடிக்குள் அழைத்துச் செல்வார். அங்கே மேசை மீது அபராதப் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் பெரிய தொகை உள்ள வரியில் விரலை வைத்து, இதற்கு நீதிமன்றம் போக வேண்டும், நாள் ஆகும், நீங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியவர் அல்லவா என்று அக்கறையோடு சொல்வார். அதன் பிறகு வருவதுதான் 'உதவி'. இங்கேயே கொடுத்துவிட்டால் முடித்துவிடலாம் என்பார், அல்லது நீங்கள் எவ்வளவு தர முடியும் என்று உங்களிடமே கேட்பார். பணம் கையில் வாங்கப்படாமல், மேசை மீதுள்ள நோட்டுக்குள் வைக்கச் சொல்லப்படுவதும் உண்டு.

மிரட்டலோ கூச்சலோ இல்லாமல் இத்தனையும் நடப்பதால்தான் பலருக்கு இது லஞ்சம் என்றே உறைப்பதில்லை. அபராதம் கட்டினோம் என்று நம்பிக்கொண்டு விடுதிக்குத் திரும்புகிறார்கள்.

எந்த ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருப்பவர்கள் இதைப் படிக்கவும். உங்களிடம் இல்லாத ஒரு காகிதத்தின் மீதுதான் பேரம் முழுவதும் நிற்கிறது; அந்தக் காகிதம் இருந்தால் பேரம் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை.

இந்தியாவிலிருந்து செல்பவர்களுக்கு இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் தேவை. இதை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே வழங்குகிறது. பரிவாகன் இணையத்தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். அதிகபட்சம் ஓராண்டு செல்லும். இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கார் ஓட்டும் உரிமம் மட்டும் உள்ளவருக்கு வழங்கப்படும் அனுமதியில் இருசக்கர வாகனத்துக்கான 'ஏ' பிரிவில் முத்திரை இருக்காது. அதை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினால், பாலிக் காவலரின் கண்ணில் நீங்கள் உரிமம் இல்லாதவர்தான். விண்ணப்பிக்கும் முன் உங்கள் இந்திய உரிமத்தில் மோட்டார் சைக்கிள் வகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் சில தனியார் தளங்கள் 'பன்னாட்டு உரிமம்' என்று கவர்ச்சியான அட்டைகளை டாலர் கணக்கில் விற்கின்றன. அவை அரசு ஆவணங்கள் அல்ல. அவற்றைக் காவலரிடம் நீட்டுவது வீண்.

இலங்கையிலிருந்து செல்பவர்கள் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் அனுமதியைப் பெறலாம். மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு வேலை எளிது. ஆசியான் நாடுகள் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்பதென 1985-இல் உடன்படிக்கை செய்துகொண்டதால், உங்கள் சொந்த நாட்டு உரிமமே செல்லும். ஆனால் அதிலும் இருசக்கர வகை இருக்க வேண்டும்.

வண்டியின் பதிவுச் சான்றை அங்கே எஸ்டிஎன்கே என்பார்கள். வாடகைக்கு எடுக்கும்போது அது இருக்கைக்கு அடியில் இருக்கிறதா, அதிலுள்ள எண்ணும் வண்டியின் எண்ணும் ஒன்றா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். முன்விளக்கையும் போட்டுப் பாருங்கள். பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம்; ஜப்பானியர் சிக்கியது இதில்தான்.

உண்மையான அபராதம் எவ்வளவு?

2009-ஆம் ஆண்டின் 22-ஆம் எண் போக்குவரத்துச் சட்டம் வகுத்த உச்சவரம்புகள் இவை. உரிமமே இல்லாமல் ஓட்டினால் 10 லட்சம் ரூபியா. உரிமம் இருந்தும் கையில் இல்லையென்றால் 2.5 லட்சம்; ஹெல்மெட் இல்லையென்றால் 2.5 லட்சம், பதிவுச் சான்று இல்லாவிட்டாலோ சிவப்பு விளக்கை மீறினாலோ 5 லட்சம், கைப்பேசி பார்த்துக்கொண்டு ஓட்டினால் 7.5 லட்சம், பகலில் முன்விளக்கு எரியாவிட்டால் 1 லட்சம். ஒரு லட்சம் ரூபியா என்பது இந்திய மதிப்பில் 500 ரூபாயைச் சற்றுத் தாண்டும். லட்சக்கணக்கில் கேட்டதும் தலை சுற்றுவது இயல்புதான் என்றாலும், கணக்குப் போட்டுப் பார்த்தால் பதற்றம் பாதியாகக் குறையும்.

இவையெல்லாம் உச்சவரம்புகள் மட்டுமே. நீதிமன்றம் விதிக்கும் தொகை பெரும்பாலும் இதைவிடக் குறைவாக இருக்கும். சாவடியில் உங்களுக்குக் காட்டப்படும் பட்டியலில் இந்த விவரம் இருக்காது.

பணம் கேட்டால் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

முறையான அபராதச் சீட்டைக் கேளுங்கள். அதை அங்கே 'திலாங்' என்பார்கள். "மிந்தா சுராத் திலாங், பாக்" என்று சொன்னால், சீட்டைக் கொடுங்கள் ஐயா என்று பொருள்படும். காவலர் பெண்ணாக இருந்தால் 'பாக்' என்பதற்குப் பதில் 'பு'. இதைக் கைகூப்பாத குறையாகப் பணிவோடு சொல்ல வேண்டும். பாலியில் குரலை உயர்த்துபவர் தன் தரப்பு நியாயத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். சுற்றி நிற்பவர்கள் முன்னிலையில் காவலரின் முகம் வாடும்படி பேசிவிட்டால், அதன் பிறகு அவர் விட்டுக்கொடுக்க நினைத்தாலும் முடியாது.

சீட்டு கேட்ட பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். முதலாவது, காவலர் சற்று நேரம் இழுத்தடித்துவிட்டு, பார்த்துப் போங்கள் என்று அனுப்பிவிடுவார். உங்கள் மீது தவறேதும் இல்லாதபோது நடப்பது பெரும்பாலும் இதுதான். சீட்டு எழுதினால் கணக்கில் ஏறிவிடும். கணக்கில் ஏறினால் அவர் சட்டைப் பைக்குள் எதுவும் போகாது. இங்கே உங்கள் கையிலுள்ள ஒரே சொத்து நேரம். அடுத்த இடத்துக்கு ஓடும் அவசரத்தில் இருப்பவரிடம்தான் பணம் பெயரும். அரை மணி நேரம் உட்காரத் தயார் என்பதைக் காட்டிக்கொள்பவரை வைத்துக்கொண்டிருப்பது அவருக்குத்தான் நட்டம்.

இரண்டாவது, அவர் உண்மையிலேயே சீட்டு எழுதுவார். அப்போது உங்கள் உரிமத்தையோ வண்டியின் பதிவுச் சான்றையோ, இரண்டும் இல்லாவிட்டால் வண்டியையோ பிணையாக வைத்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் உண்டு. தவறை ஒப்புக்கொள்பவருக்கு நீலச் சீட்டும், நீதிமன்றத்தில் பேச விரும்புபவருக்குச் சிவப்புச் சீட்டும் தருவது வழக்கம். நீலச் சீட்டுக்கான தொகையை பிஆர்ஐ வங்கிக் கிளையில், சீட்டோடு தரப்படும் எண்ணைக் காட்டிக் கட்டலாம். முதலில் உச்சத் தொகையைக் கட்டிவிட்டு, நீதிமன்றம் குறைவாக விதித்தால் மீதியை அரசு வழக்கறிஞர் அலுவலகம் வழியாகத் திரும்பப் பெறலாம் என்பது ஏற்பாடு. ஐந்து நாள் பயணத்தில் வந்தவர் அந்த மீதிக்காக அலைய மாட்டார் என்பது வேறு விஷயம்.

எந்த வழியானாலும் அபராதம் வங்கிக்குத்தான் போகும். சீருடையில் இருப்பவரின் கைக்குப் போகாது. பெரிய சோதனைகளின்போது நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் அந்த இடத்திலேயே மேசை போட்டு விசாரிப்பது மட்டும் விதிவிலக்கு. அங்கே பணம் வாங்கினாலும் ரசீது தருவார்கள்.

சாலையை மறித்து எல்லோரையும் சோதிக்கிறார்கள். அது உண்மையான சோதனையா என்று எப்படி அறிவது?

2012-ஆம் ஆண்டின் 80-ஆம் எண் அரசாணைப்படி, ஓரிடத்தில் நின்று வாகனச் சோதனை நடத்துபவர்கள் பணி ஆணையைக் கையில் வைத்திருக்க வேண்டும். குறைந்தது 50 மீட்டர் முன்பாக அறிவிப்புப் பலகை வைத்திருக்கவும் வேண்டும். பலகையும் பல காவலர்களும் இருந்தால் அது முறையான சோதனைதான். ஆவணங்களைக் காட்டிவிட்டுப் போகலாம். இதைத் தெரிந்துவைத்திருப்பது உங்கள் மன அமைதிக்காக மட்டுமே. சட்டப் பிரிவைச் சொல்லிக் காவலருக்குப் பாடம் நடத்த வேண்டாம். விதிமீறல் கண்ணெதிரே தெரிந்தால், பலகை இல்லாமலும் தனிக் காவலர் உங்களை நிறுத்தலாம்.

ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ ரூபியா தானே, கொடுத்துவிட்டுப் போனால் என்ன?

'ஒரு லட்சத்தை வைத்தேன், விட்டுவிட்டார்' என்று பெருமையாகச் சொல்பவர்களை எல்லாப் பயணக் குழுக்களிலும் பார்க்கலாம். ஊரில் 'கவனித்து' அனுப்பும் பழக்கம் கூடவே விமானம் ஏறி வந்துவிடுகிறது. அவர்கள் சொல்லாமல் விடுவது, இந்தோனேசியச் சட்டத்தில் அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி என்பதை. அதற்கு 1 முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பதவியைக் காட்டி மிரட்டிப் பறிக்கும் அதிகாரிக்கு 4 முதல் 20 ஆண்டு வரை.

சாலையோரச் சில்லறை லஞ்சத்துக்காகப் பயணி சிறை சென்ற செய்தி காதில் விழுவதில்லை என்பது சரிதான். ஆனாலும் கேட்டுக் கொடுப்பதற்கும், கேட்காமலே நீட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நேர்மையான காவலர் ஒருவரிடம் நீங்களாகவே நோட்டை நீட்டினால், ஹெல்மெட் வழக்கு லஞ்ச வழக்காக மாறிவிடும். எந்தச் சூழலிலும் பணப் பேச்சை நீங்கள் தொடங்காதீர்கள். கடவுச்சீட்டுக்குள்ளோ உரிமத்துக்குள்ளோ நோட்டை மடித்து வைத்து நீட்டும் 'யோசனை' மிக மோசமான யோசனை.

உண்மையிலேயே என்னிடம் உரிமம் இல்லை, பிடிபட்டுவிட்டேன். அப்போது?

சீட்டை வாங்கிக்கொண்டு அபராதம் கட்டுவதே நேரான வழி. தொகை உங்கள் ஒரு நாள் விடுதிச் செலவுக்குள் அடங்கிவிடும். ஆனால் பதிவுச் சான்றையோ வண்டியையோ காவலர் வைத்துக்கொண்டால் வாடகைக் கடைக்காரர் உங்களிடம் கூடுதல் பணம் கேட்பார். உடனே அவரை அழைத்துப் பேசுவது நல்லது. அவருக்கு நடைமுறை தெரியும், மொழியும் தெரியும். ஆனால் அவரே 'நான் பேசி முடிக்கிறேன், இவ்வளவு கொடுங்கள்' என்றால் அது லஞ்சத்துக்கு இன்னொரு வாசல் மட்டுமே.

அதைவிடப் பெரிய கவலை விபத்து. செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் பயணக் காப்பீட்டு நிறுவனங்கள் மருத்துவச் செலவைத் தர மறுப்பது வழக்கம். காவலரிடம் கொடுத்துத் தப்பித்த தொகையெல்லாம் மருத்துவமனைக் கட்டணத்துக்கு முன் ஒன்றுமில்லை.

கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

அசலை விடுதிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அதன் நகலையும் விசா நகலையும் கையில் வைத்துக்கொள்வது நடைமுறையில் போதுமானதாக இருக்கிறது. குடிவரவு அதிகாரி கேட்டால் அசலைக் காட்டியே ஆக வேண்டும். ஸ்கூட்டர் வாடகைக்காகக் கடவுச்சீட்டை அடகு போல் வைத்துவிட்டு வருவதை அறவே தவிர்க்கவும். சிக்கல் வரும் நாளில் அது உங்கள் கையில் இருக்காது.

நடப்பதைக் கைப்பேசியில் படம் பிடிக்கலாமா?

முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவது நிலைமையை முறுக்கிவிடும். அதைவிடப் பயனுள்ளது குறிப்பெடுப்பது. காவலரின் மார்பில் பெயர்ப்பட்டை இருக்கும். அந்தப் பெயர், சாவடியின் பெயர், சாலை, நேரம், கேட்ட தொகை ஆகிய ஐந்தும் போதும். வெளியே வந்த அடுத்த நிமிடமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்திருந்தால் அதைப் புகாரோடு கொடுங்கள். சமூக ஊடகத்தில் ஏற்றும் முன் யோசிக்கவும். இந்தோனேசியாவின் மின்னணுத் தகவல் சட்டத்தில் அவதூறுப் பிரிவு உண்டு. நீங்கள் அந்த நாட்டு மண்ணில் இருக்கும்போதே சண்டையைத் தொடங்க வேண்டியதில்லை.

யாரிடம் புகார் செய்வது? அதனால் ஏதாவது பலன் உண்டா?

காவல் துறையின் அவசர எண் 110. காவலர்களின் ஒழுங்கீனத்தை விசாரிப்பதற்கென்றே 'புரோபாம்' என்ற உட்பிரிவு இருக்கிறது. மாவட்டக் காவல் அலுவலகங்களில் அதன் கிளை இருக்கும். ஓம்புட்ஸ்மன் என்னும் மக்கள் குறைதீர் அமைப்பின் எண் 137. அதற்குப் பாலியின் தலைநகரான டென்பசாரில் அலுவலகம் உண்டு. இந்தியர்களுக்கு டென்பசாரில் துணைத் தூதரகம் இருக்கிறது. ஜகார்த்தாவில் தூதரகம் இருக்கிறது.

பலன் உண்டா என்றால், உண்டு. 2024 டிசம்பரில் ஜகார்த்தாவில் நடந்த பெரிய இசை விழா ஒன்றுக்கு வந்த மலேசியர்களைப் போதைப்பொருள் சோதனை என்ற பெயரில் பிடித்து, காவலர்கள் பணம் பறித்தார்கள். வீடு திரும்பியவர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியதும் புரோபாம் விசாரித்தது. பாதிக்கப்பட்ட மலேசியர்கள் 45 பேர் என்றும், பறிக்கப்பட்ட தொகை சுமார் 250 கோடி ரூபியா என்றும் காவல் துறையே அறிவித்தது. 18 காவலர்கள் பிடித்து வைக்கப்பட்டார்கள். ஜகார்த்தாவின் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் இயக்குநர் உட்படச் சிலர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அதே காலத்தில் சீனத் தூதரகம் இன்னொரு வழியில் சென்றது. ஜகார்த்தா விமான நிலையத்தில் 2024 பிப்ரவரி முதல் 2025 ஜனவரி வரை குடிவரவு அதிகாரிகள் சீனப் பயணிகளிடம் பணம் பறித்த 44 நிகழ்வுகளை அது பட்டியலிட்டு இந்தோனேசிய வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதியது. அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு மொத்தம் 3.27 கோடி ரூபியா திரும்பக் கிடைத்தது; பட்டியலில் இருந்த அதிகாரிகள் அந்த விமான நிலையப் பணியிலிருந்து அகற்றப்பட்டார்கள். ஒருவருக்குச் சராசரியாக 5 லட்சம் ரூபியா என்ற சிறு தொகைதான். ஒவ்வொருவரும் 'போனால் போகட்டும்' என்று விட்டிருந்தால் பட்டியலே உருவாகியிருக்காது. தனிமனிதப் புகாரை விடத் தூதரகத்தின் பட்டியலுக்கு எடை அதிகம் என்பதால், தொகை எவ்வளவு சிறிதானாலும் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். இப்போது சொன்னால் என் மீதே வழக்கு வருமா?

மேலே சொன்ன மலேசியர்களும் சீனர்களும் பணம் கொடுத்தவர்களே. அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகத்தான் நடத்தினார்கள். கேட்டு வாங்கப்பட்ட பணம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அச்சமாக இருந்தால் நாடு திரும்பிய பிறகு தூதரகம் வழியாக எழுதலாம்.

போதைப்பொருள் போன்ற பெரிய குற்றத்தைச் சுமத்தினால்?

இதை ஸ்கூட்டர் விவகாரம் போல் கையாளக் கூடாது. இந்தோனேசியப் போதைப்பொருள் சட்டத்தில் மரண தண்டனை வரை உண்டு. மொழி புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். எதையும் பேரம் பேசாதீர்கள். 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு, கைதான அயல்நாட்டவர் தம் தூதரகத்துடன் தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது. அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

பாலி விமான நிலையத்தில் 'விரைவு வரிசை' என்று பணம் கேட்டால்?

நுழையும் அயல்நாட்டவர் கட்ட வேண்டியவை அதிகபட்சம் இரண்டுதான். வருகை விசா தேவைப்படுபவர்களுக்கு அதற்கு 5 லட்சம் ரூபியா. 2024 பிப்ரவரி 14 முதல் பாலி மாகாணம் வசூலிக்கும் சுற்றுலா வரி 1.5 லட்சம் ரூபியா. இரண்டையும் புறப்படும் முன்பே அரசின் இணையத்தளங்களில் கட்டிவிடலாம். இரண்டுக்கும் ரசீது உண்டு. 2023 நவம்பரில் பாலி அரசு வழக்கறிஞர் அலுவலகம் அந்த விமான நிலையத்தின் குடிவரவு அலுவலர்களைப் பிடித்தது. முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கான விரைவு வரிசையை, ஆளுக்கு 1 முதல் 2.5 லட்சம் ரூபியா வாங்கிக்கொண்டு மற்ற பயணிகளுக்கு விற்றார்கள் என்பதே குற்றச்சாட்டு. வரிசை நீளமாக இருந்தாலும் நின்றே போங்கள்.

அப்படியானால் ஸ்கூட்டரே எடுக்காமல் இருப்பது நல்லதா?

இருசக்கர உரிமம் இல்லாதவர்களுக்கு, ஆம். ஓட்டுநருடன் காரை நாள் முழுவதற்கும் அமர்த்தினால் சுமார் 6 முதல் 8 லட்சம் ரூபியா ஆகும். நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒரு ஸ்கூட்டர் எடுப்பதை விடப் பெரிய கூடுதல் செலவில்லை. தனியாகச் செல்பவர்கள் கிராப், கோஜெக் செயலிகளில் பின்னிருக்கைப் பயணியாகப் போகலாம். சில கடற்கரைப் பகுதிகளில் உள்ளூர் வாடகைக் கார் ஓட்டுநர்கள் செயலி வண்டிகளை உள்ளே வந்து ஏற்றிச் செல்ல விடுவதில்லை. அங்கே முதன்மைச் சாலை வரை நடந்து வந்து ஏறிக்கொள்ள வேண்டியிருக்கும்.